செருப்புக்குள் ஒளிந்திருக்கும் புற்று: கொங்கு நாட்டில் மெலனோமா

மெலனோமா என்ற தோல் புற்றுநோயைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வெயிலில் தொடங்கி சன்ஸ்கிரீனில் முடிகின்றன. குயின்ஸ்லாந்து கடற்கரையில் வெள்ளைத் தோலோடு படுத்துக் கிடப்பவருக்கு அந்த அறிவுரை உயிர் காக்கும். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று ஆஸ்திரேலியாவில் 1981-இல் தொடங்கிய பிரசாரம் அந்த மண்ணின் தேவைக்குப் பிறந்தது. உலகில் மெலனோமா மிக அதிகமாக வருவது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான். சித்திரை வெயிலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காங்கேயத்துக் கொறங்காட்டில் மாடு மேய்க்கிறவருக்கு அதையே சொல்லி என்ன பயன்? அவர் தோலிலுள்ள கருநிறமி அந்த வெயிலைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. அவருக்கு மெலனோமா வந்தால், வெயில் படாத இடத்தில் வரவே வாய்ப்பு அதிகம்: உள்ளங்கால், குதிகால், கால் பெருவிரல் நகத்தின் அடி, உள்ளங்கை. சிலருக்கு வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ ஆசனவாயிலோ வருகிறது.

இந்தியாவில் இது அரிய நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு உடம்பிலுள்ள மச்சத்தையெல்லாம் எண்ணத் தொடங்க வேண்டியதில்லை. அரிய நோய்க்கு வேறொரு சிக்கல் உண்டு: அது யாருடைய நினைவுக்கும் வராது. கோயம்புத்தூரில் தோல் மருத்துவர்களுக்கும் புற்றுநோய் மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை. ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று சுற்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வந்துவிட்டன. ஆனாலும் குதிகாலில் ஒரு கறுப்புத் தடிப்போடு இருப்பவர் கால் ஆணி, முள் குத்திய தழும்பு, சர்க்கரைப் புண் என்று மூன்று பெயர்களைக் கடந்த பிறகே அங்கே போய்ச் சேருகிறார். இந்த நோயில் காலம் என்பது மில்லிமீட்டர். அதைக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன், வெயில் படாத இடத்தில் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்.

தோலின் மேலடுக்குக்கு அடிவரிசையில் மெலனோசைட் எனப்படும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. வெள்ளையரோ கறுப்பரோ, இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும், அண்டைச் செல்களில் அது பரவிக் கிடக்கும் விதமும். இந்த நிறமிச் செல்களில் ஒன்று கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குவதே மெலனோமா. வெள்ளைத் தோலில் பெரும்பாலும் புற ஊதாக் கதிர் மரபணுவைச் சிதைப்பதால் இது நடக்கிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது வேறு வகை. 1976-இல் அமெரிக்க நோயியல் மருத்துவர் ரிச்சர்டு ரீட் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதன் மரபணுவைப் படித்துப் பார்த்தால் கதிரின் சுவடு குறைவு. குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொண்ட தடயங்களே அதிகம்.

நம் நிறத்தவருக்கு உள்ளங்கால் மெலனோமா மற்றவரைவிட அதிகமாக வருகிறது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. அந்த வகை எல்லா நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. முதுகிலும் முகத்திலும் கெண்டைக்காலிலும் வெயிலால் வரும் மற்ற வகைகள் நமக்கு மிகக் குறைவு. ஆகவே நம்மிடையே வரும் மெலனோமாக்களை எடுத்துப் பார்த்தால், பாதத்துக்கு அதில் பெரும்பங்கு போகிறது.

அப்படியானால் வெறுங்காலோடு நடப்பதுதான் காரணமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் போகிறவர்களும், மஞ்சள் காட்டில் செருப்பில்லாமல் களை எடுக்கிறவர்களும் நிறைந்த ஊரில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. பாதத்தில் எடை அதிகம் அழுந்தும் இடங்களில் இந்தக் கட்டிகள் கூடுதலாக வருவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். ஆனால் வெறுங்கால் நடையோ முள் குத்துவதோ மெலனோமாவை உண்டாக்குகிறது என்று யாரும் நிரூபித்ததில்லை. மொசைக் தரையைத் தாண்டிக் கால் வைக்காதவருக்கும் இது வருகிறது. கால்நடையாகப் போகிறவர்களை இதைச் சொல்லிப் பயமுறுத்துவது அநியாயம்.

சரி, எதையெல்லாம் எதுவாக நினைத்துவிடுகிறோம்?

முதலில் கால் ஆணி. செருப்பு அழுத்தும் இடத்தில் தோல் தடித்து, நடுவில் கண்ணாடி போல ஒரு முளையோடு வருவது ஆணி. நேராக அழுத்தினால் வலிக்கும். மேல்தோலைச் சீவினால் உள்ளே கறுப்பு இருக்காது. பாலுண்ணி என்கிற மரு இன்னொன்று. சீவினால் ஊசிமுனை போலச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். அவை உறைந்த ரத்தக் குழாய்கள், கெடுதல் இல்லை. மெலனோமாவோ தொடக்கத்தில் வலிப்பதே இல்லை. அதனால்தான் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு தட்டையான கரும்படலம், பழுப்பும் கறுப்பும் கலந்து, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தோலில் கரைந்து, மெல்ல மெல்ல அகலமாகும். பிறகு அதன் நடுவே ஒரு முண்டு எழும்பும். செருப்பில் உரசி ரத்தம் கசியும். அந்த நிலையில்தான் மருந்துக் கடையில் ஆணிப் பிளாஸ்திரி வாங்குகிறார்கள், எருக்கம்பால் வைக்கிறார்கள், ஷேவிங் பிளேடால் சீவுகிறார்கள். பிளாஸ்திரியின் அமிலம் மேல்தோலை வெள்ளையாக ஊற வைத்து உரித்துவிடுவதால், அடுத்து வைத்தியரிடம் போகும்போது கறுப்பும் தெரியாது, ஓரமும் தெரியாது; சிவந்த பச்சைப் புண் மட்டுமே தெரியும். ஆணிக்கு மருந்து வைத்த இடம் புண்ணாகிவிட்டது என்றுதான் அவரும் நினைப்பார்.

“முள் குத்தியதுங்க, முனை உள்ளேயே நின்றுவிட்டதுங்க” என்பது அடுத்தது. வேலிக்கு வேலி சீமைக் கருவேலம் இருக்கும் ஊரில் முள் குத்தாத கால் இல்லை. ஆகவே பாதத்தில் எது வந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முள்ளின் கதை கிடைத்துவிடும். கதை பொய்யில்லை; முள் குத்தியிருக்கும். அதற்கும் இந்தக் கறுப்புக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. முனை தங்கியிருந்தால் வலிக்கும், சீழ் வைக்கும், ஒருநாள் வெளியே வரும். மாதக்கணக்கில் வலியின்றி அகலமாகிக்கொண்டே போவது முள் இல்லை.

பழனி நடைப்பயணம் முடிந்து வருகிறவர்களின் குதிகால் ஓரத்தில் கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று வருவதுண்டு. தோலுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உராய்வில் வெடித்து ரத்தம் தங்குவதால் வருவது அது. விளையாட்டு வீரர்களுக்கும் வரும். மேலோட்டமாகச் சீவினாலே போய்விடும். விட்டுவிட்டாலும் சில வாரங்களில் தானே மறையும். மஞ்சள் கறை, மருதாணி, சாயப் பட்டறைக் கறை எல்லாமே இப்படித்தான்: தோல் உதிர உதிரக் குறையும். குறையாமல் கூடிக்கொண்டே போனால்தான் பேச்சு.

நகத்தில் வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல் இடித்தோ அம்மிக்கல் விழுந்தோ நகத்தடியில் ரத்தம் கட்டினால் அந்தக் கறுப்பு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வர ஒன்றரை ஆண்டுவரை ஆகலாம். நகத்தின் அடியிலிருந்து கறுப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, இரண்டு மாதம் கழித்து ஒப்பிட்டால் போதும். அடிப்பகுதியில் நல்ல நகம் வெளிவந்திருந்தால் அது ரத்தம். மெலனோமா நகரும் கறையாக இருக்காது. நகத்தின் வேரிலிருந்து நுனிவரை ஒரு கோடாக ஓடும். இதிலும் ஒரு குழப்பம் உண்டு: மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இயல்பாகவே இருக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்குப் பிறகு புதிதாகத் தோன்றி, மூன்று மில்லிமீட்டரைத் தாண்டி அகலமாகி, நுனியைவிட வேர்ப்பக்கம் விரிந்திருக்கும் கோடுதான் சந்தேகத்துக்குரியது. நகத்தைத் தாண்டி அதன் பின்புறத் தோலிலும் கறுப்பு ஏறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1886-இலேயே இதை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரால்தான் அந்த அடையாளத்தைக் குறிப்பிடுகிறார்கள். பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் வந்தது இந்த வகைதான். பந்தாட்டக் காயம் என்று முதலில் எண்ணப்பட்டது. 1981 மே மாதம், 36 வயதில் இறந்தார். நம் வீடுகளில் பெண்களுக்கு மருதாணியும் நகப்பூச்சும் மாறி மாறி நகத்தை மூடிவிடுவதால், இந்தக் கோட்டைப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய மறைப்பு சர்க்கரைப் புண். நீரிழிவு இருப்பவருக்குப் பாதத்தில் ஆறாத புண் என்றால், காரணம் சர்க்கரை என்று முடிவு கட்டிக் கட்டுப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நூற்றுக்குப் பெரும்பகுதி அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் எடை படாமல் பாதுகாத்து, முறையாகக் கட்டுப் போட்டும் நான்கு வாரத்தில் புண் பாதியளவுகூடச் சுருங்கவில்லை என்றால், காரணத்தை மறுபடி தேட வேண்டும் என்பது பாதப் புண் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி. அதில் ஒரு படியாகப் புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கலாம். இன்னொரு சங்கடம்: எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருப்பதில்லை. நிறமியே இல்லாமல், இளஞ்சிவப்பாக, எளிதில் ரத்தம் வடியும் சதை வளர்ச்சி போலவும் வரும். அதைக் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகக் கண்டுபிடிக்க நிபுணராலும் முடியாது. ஆறாத புண்ணைத் துண்டெடுத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு அதுவும் காரணம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே பணியாளர் வருகிறார். வந்தவர் ஒரு நிமிடம் செலவழித்து, “காலைக் காட்டுங்க ஆத்தா” என்று இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்த்தால், புண்ணும் தெரியும், கறுப்பும் தெரியும். அறுபது வயதுக்கு மேல், குனிந்து தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடிகிறவர்கள் எத்தனை பேர்? கொங்குப் பெரியவர்களுக்குத் தங்கள் காலை இன்னொருவர் தொட்டுப் பார்க்க விடுவதில் ஒரு கூச்சமும் உண்டு. பேரப் பிள்ளைகள் கேட்டால் காட்டுவார்கள்.

கண்ணுக்கு உதவ டெர்மட்டோஸ்கோப் என்ற சிறு கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உருப்பெருக்கி, விளக்கு பொருத்தியது. தோலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கி, அடியிலுள்ள நிறமி எப்படிப் படிந்திருக்கிறது என்று காட்டும். உள்ளங்காலின் ரேகைகளை அதன் வழியாகப் பார்த்தால் ஈரோட்டு மஞ்சள் காட்டின் பாரும் வாய்க்காலும் போலத் தெரியும்: மேடு, பள்ளம், மேடு, பள்ளம். மேட்டின் மேல் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். அவை வியர்வைத் துளைகள். சாதாரண மச்சத்தில் நிறமி பள்ளத்தில் மெல்லிய கோடாக ஓடும். மெலனோமாவில் மேட்டின் மேல் பட்டையாகப் படிந்திருக்கும். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்து தோஷியாகி சைடாவும் அவர் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மேட்டில் நிறமி படிந்த இந்த அமைப்பு மெலனோமாக்களில் 86 விழுக்காட்டில் தென்பட்டது. மெலனோமா அல்லாதவற்றில் 99 விழுக்காட்டில் அது இல்லை. வாய்க்கால் பாணியும் இல்லாமல், ஏழு மில்லிமீட்டருக்கு மேல் அகலமும் இருந்தால் துண்டெடுத்துப் பார்ப்பது நல்லது என்பது அவர்கள் வகுத்த இன்னொரு விதி. நமக்கு மிக உகந்த கருவி இது. நம் ஊரில் உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றும் யோகம் என்று மச்ச சாஸ்திரம் பேசுவார்கள். அது வெறும் மச்சமா என்பதைக் கத்தி படாமலேயே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சந்தேகம் நீடித்தால் திசு ஆய்வு. இங்கேதான் குடும்பம் கூடிப் பேசித் தடை போடுகிறது: “கத்தி பட்டால் பரவிவிடும்.” இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பெரிய படலத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பரிசோதித்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், அதனால் ஆயுள் குறைந்ததாகக் காணப்படவில்லை. பரவுவது காத்திருப்பதால். சிறியதாக இருந்தால் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஓரத்தோடு முழுவதுமாகவே எடுத்துவிடுவார்கள். குதிகாலை அடைத்துக்கொண்டிருந்தால் மிகத் தடித்த, மிகக் கறுத்த இடத்திலிருந்து ஆழமாக ஒரு துண்டு. நகத்தில் என்றால் நகத்தைத் தூக்கி வேரிலிருந்து எடுக்க வேண்டும். நகத் துணுக்கை மட்டும் வெட்டி அனுப்பினால் ஒன்றும் தெரியாது.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. சில சிறு மருத்துவமனைகளில் ‘கட்டி’யை வெட்டி எடுத்துவிட்டு, அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஆய்வகக் கட்டணம் மிச்சம் என்று வீட்டாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் வந்தால், முதலில் இருந்தது என்ன, எவ்வளவு ஆழம் என்று யாராலும் சொல்ல முடியாது. மச்சத்தைச் சூட்டுக் கருவியாலோ லேசராலோ பொசுக்கிவிடும் அழகு நிலையங்களும் இதையே செய்கின்றன. உடம்பிலிருந்து எடுத்த எந்தக் கருந்திசுவும் ஃபார்மலின் குப்பியில் விழ வேண்டும். நோயியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வெறும் உப்பு நீரில் போட்டுவைத்தால் திசு கெட்டுப்போகும். தையல் பிரிக்கப் போகும்போது ஆய்வு முடிவைக் கேட்டு வாங்குவது வீட்டாரின் உரிமை.

அந்தக் காகிதத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1970-இல் மிக எளிய ஒரு காரியம் செய்தார்: கட்டியின் மேல் விளிம்பிலிருந்து, தோலுக்குள் மிக ஆழமாக இறங்கிய கடைசிப் புற்றுச் செல்வரை நுண்ணோக்கியில் அளந்தார். கட்டியின் அகலத்தைவிட இந்த ஆழமே ஒருவர் பிழைப்பாரா என்பதைக் காட்டியது. இன்றும் நிலைகளைப் பிரிப்பது அதை வைத்துத்தான்: ஒரு மில்லிமீட்டர்வரை, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் நான்கு, நான்குக்கு மேல். மேற்பரப்பு புண்ணாகியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவின், 2017-இல் வெளியான எட்டாவது பதிப்பு நிலைப் பகுப்பின்படி, மிக மெல்லிய முதல் நிலையில் பத்து ஆண்டுகள் கழித்து இந்நோயால் இறக்காமல் இருப்பவர்கள் 98 விழுக்காடு. நான்கு மில்லிமீட்டரைத் தாண்டி, புண்ணும் ஆகி, ஆனால் வேறெங்கும் பரவாத நிலையில் அது 75. நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, பரவிய மூன்றாம் நிலையில், எவ்வளவு பரவியது என்பதைப் பொறுத்து ஐந்தாண்டுக் கணக்கு 93-இலிருந்து 32 வரை இறங்குகிறது. இந்த எண்கள் பெரும்பாலும் வெள்ளையர்களிடமிருந்து திரட்டியவை. நம் உள்ளங்கால் கட்டிகளுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் சரிவின் போக்கு ஒன்றுதான். ஒரு மில்லிமீட்டருக்கும் நான்கு மில்லிமீட்டருக்கும் நடுவே இருப்பது சில மாதப் பிளாஸ்திரியாக இருக்கலாம்.

நெறி என்றேன். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது நமக்குப் பழக்கமான சங்கதி. முள் குத்திப் பழுத்தாலே கட்டும், வலிக்கும், காய்ச்சல் வரும், புண் ஆறினால் கரையும். மெலனோமா பரவும் முதல் இடமும் அதே நெறிதான். வேறுபாடு, அது வலிக்காது, கரையாது, கல்லாக இறுகும். கால் புண்ணால் கட்டியது என்று இதையும் தள்ளிவிடுவது எளிது. பாதத்துக்கும் தொடையிடுக்குக்கும் நடுவே, கெண்டைக்காலிலோ முழங்காலிலோ தோலுக்கடியில் சிறு கருமுண்டுகள் தோன்றினாலும் நிணநீர்ப் பாதையில் நோய் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

சிகிச்சையின் அடித்தளம் அறுவைதான். முதல் திசு ஆய்வில் கட்டி முழுவதும் போய்விட்டது என்று தோன்றினாலும், சுற்றியுள்ள நல்ல தோலையும் சேர்த்து இரண்டாம் முறை எடுக்க வேண்டும்: ஒரு மில்லிமீட்டர்வரை ஆழமானதற்கு ஒரு சென்டிமீட்டர் ஓரம், இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டியதற்கு இரண்டு சென்டிமீட்டர், நடுவில் இருப்பதற்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. முதுகில் இது சின்ன வேலை. குதிகாலில் அப்படியில்லை. இரண்டு சென்டிமீட்டர் ஓரத்தோடு எடுத்தால் குதிகாலே வெறுமையாகிவிடும். தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் எடை தாங்காமல் அடிக்கடி புண்ணாகும். அதனால் பாதத்தின் குழிவான நடுப்பகுதியில், தரையில் படாத தோலை, அதன் ரத்தக் குழாயும் உணர்ச்சி நரம்பும் அறுபடாமல் நகர்த்திக் குதிகாலில் பொருத்துகிறார்கள். அந்தக் குழியில் ஒட்டுத்தோல் வைத்தால் போதும். எடுப்பது புற்றுநோய் அறுவை மருத்துவர், மூடுவது பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் என்று இருவரும் ஒரே மேசையில் நிற்பது நல்லது. சீரமைப்பு அறுவையில் நாடறிந்த கங்கா மருத்துவமனை இருக்கும் கோயம்புத்தூரில் இதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நகத்தடி மெலனோமாவுக்கு முன்பெல்லாம் விரலையே எடுத்துவிடுவார்கள். இப்போது மேலடுக்கோடு நின்றிருந்தால் நகப்பகுதியை மட்டும் எடுத்து விரலைக் காப்பாற்றுகிறார்கள்.

கட்டி 0.8 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது புண்ணாகியிருந்தால், அதே அறுவையின்போது தொடையிடுக்கின் ‘முதல் காவல் நெறி’யையும் பரிசோதிக்கும் கேள்வி வரும். கட்டி இருந்த இடத்தில் நீலச் சாயமும் சிறிதளவு கதிரியக்க மருந்தும் ஏற்றினால், அவை எந்த நெறியை முதலில் போய்ச் சேருகின்றனவோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது இந்த முறை. அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்டு மார்ட்டன் 1992-இல் இதை அறிமுகப்படுத்தினார். அதில் நுண்ணிய புற்று இருந்தால் மீதி நெறிகளையும் வழித்தெடுப்பது வழக்கமாக இருந்தது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வு, அப்படி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டியது. நெறிகளை வழித்தெடுத்த கால் யானைக்கால் போல வீங்கி, காட்டு வேலைக்கே ஆகாமல் போன காலத்தை எண்ணினால், இது சாதாரண விடுதலை அல்ல.

மருந்துகளின் கதை 2011-இல் திரும்புகிறது. அதற்கு முன் பரவிய மெலனோமாவுக்கு டகார்பசின் என்ற கீமோதெரபி மருந்தைத்தான் கொடுத்தார்கள். அது சிலருக்கே, அதுவும் சில மாதமே கேட்டது. நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் ‘தாக்காதே’ என்று சைகை வாங்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன. புற்றுச் செல் அந்தச் சைகையைக் காட்டித் தப்பிக்கிறது. அந்த மூலக்கூறுகளை அடைத்துவிட்டால் எதிர்ப்புச் செல்கள் புற்றைத் தாக்கத் தொடங்கும். இதைக் கண்டறிந்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இப்பிலிமுமாப் 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இப்பிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில், முற்றிய நோயாளிகளில் 43 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நெறிவரை பரவியவர்களுக்கு, அறுவைக்குப் பின் கொடுப்பதைவிட அறுவைக்கு முன்பே சில ஊசிகள் போட்டுவிடுவது நல்லது என்று 2023-இலும் 2024-இலும் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே பெரிய நெறியோடு வருகிறவரை அவசரமாக மேசையில் ஏற்றும் முன் புற்றுநோய் மருத்துவரின் கருத்தைக் கேட்பது இப்போது முறை.

இதையெல்லாம் படிக்கிற குடும்பம் காட்டை விற்கத் தயாராகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முன் இரண்டு விஷயம். இந்த மருந்துகளின் பெரு வெற்றி வெயிலால் வந்த மெலனோமாக்களில்தான். அவற்றில் மரபணுச் சிதைவுகள் மிகுதி என்பதால் எதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் எளிதில் கிடைக்கிறது. உள்ளங்கால் வகையில் பலன் குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த 43 விழுக்காட்டை நம் அப்பாருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தது பக்கவிளைவு: தூண்டிவிட்ட எதிர்ப்புச் சக்தி குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கலாம். ஊசி போட்டு ஊருக்குத் திரும்பியவருக்கு நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால், உள்ளூரில் சாதாரணப் பேதி மாத்திரை வாங்கிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட இடத்துக்கு உடனே போன் செய்ய வேண்டும். பெம்ப்ரோலிசுமாபுக்கு மத்திய அரசு 2023 ஏப்ரல் முதல் சுங்க வரியை நீக்கியது. ஆனாலும் விலை சாமானியக் கைக்கு எட்டுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை உண்டு. அறுவைக்கு அது பெரிய கை. எந்த மருந்துக்குச் செல்லும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மரபணுச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளையரின் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும் என்பது 2002-இல் தெரியவந்தது; அதற்கு மாத்திரைகள் உண்டு. உள்ளங்கால் வகையில் அந்த மாற்றம் குறைவு. கிட் என்ற வேறொரு மரபணு சிலருக்கு மாறியிருக்கிறது. அதற்குப் பயன்படும் மருந்து இமாட்டினிப். ரத்தப் புற்றுக்காக வந்தது. அதன் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்தது. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மாத்திரை இன்று வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. கிட் மாறியவர்களிலும் எல்லோருக்கும் அது கேட்பதில்லை. கேட்பவர்களுக்குக் காட்டை விற்க வேண்டியதில்லை. ஆகவே முற்றிய உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃபோடு கிட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது வீண் செலவாகாது.

இந்தச் சோதனைக்குப் புதிதாகத் திசு எடுக்க வேண்டும் என்பதில்லை. முதலில் எடுத்த துண்டை ஆய்வகத்தில் மெழுகில் பதித்துச் சிறு கட்டையாக வைத்திருப்பார்கள். ஆண்டுகள் கழித்தும் அதிலிருந்து சீவி மரபணுவைப் படிக்கலாம். இன்னொரு மருத்துவமனையின் நோயியல் மருத்துவரிடம் இரண்டாம் கருத்தும் கேட்கலாம். வேறு ஊருக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஸ்கேன் படங்களையெல்லாம் பையில் அடுக்கிக்கொண்டு இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஆய்வு முடிவின் மேல் மூலையில் ஓர் எண் இருக்கும். அதைச் சொல்லி விண்ணப்பித்தால் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் தருவார்கள். அறுவைக்குப் பின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மூன்று மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தச் சந்திப்புகளில் வடு இருக்கும் பாதம், கால் முழுவதும் தோல், தொடையிடுக்கு மூன்றையும் தடவிப் பார்ப்பதே முக்கிய வேலை. மறு பாதத்தையும் காட்ட வேண்டும். பத்து ஆண்டு கழித்து நோய் திரும்பி வந்தவர்களும் உண்டு என்பதால், அந்த ஆய்வு எண் எழுதிய காகிதத்தைப் பட்டா, பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைப்பது நல்லது.